ஓதம் ஏறிய சுவர்

ஓதம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். கடலின் அலையையும் அதன் ஏற்றத்தையும் ஓதம் என்பர். சுவரிலும் தரையிலும் ஊறி நிற்கும் ஈரக்கசிவையும் ஓதம் என்பர். ஒன்று கரையில் நின்று வியக்கத்தக்க பேரியற்கை. மற்றொன்று வீட்டு மூலையில் விளக்கை உயர்த்திப் பார்த்தால் தென்படும் சிறு கறை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் நம் முன்னோர் குறித்தது ஏன் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அந்தமானில் பாம்பூஃப்ளாட் என்னும் ஊரில் வாழ்வோர்க்கு அதற்கு உரை தேவையில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், அவ்வூரின் தாழ்ந்த பகுதிகளில் கடலோதமே சுவரோதம் ஆயிற்று.

பாம்பூஃப்ளாட் பெருநகரம் அன்று. நேற்று முளைத்த குடியிருப்பும் அன்று. போர்ட் பிளேர்த் துறைமுகத்தின் மறுகரையில், ஹாரியட் மலையின் அடிவாரத்தில் அமைந்த பழைய புறநகர் அது. (போர்ட் பிளேர் 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) 1883-இல் தொடங்கப்பெற்ற மர அறுவை ஆலை நிற்கும் சாத்தம் தீவிலிருந்து படகேறினால், சிறுபொழுதில் பாம்பூஃப்ளாட்டின் இறங்குதுறையை அடையலாம். நகரத்தில் வேலை, இக்கரையில் வீடு என்று நாள்தோறும் நீரைக் கடந்து வாழ்ந்த குடும்பங்கள் பல. தமிழர், மலையாளிகள், வங்காளியர், தெலுங்கர் என்று பல மொழியினரும் அங்கே அண்டை வீட்டாராயினர். கடல் அவர்களுக்கு அச்சம் தருவதன்று, அன்றாடப் பாதை.

அந்தப் பாதைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குள் வந்தது. சுமத்திராவின் மேற்குக் கடலடியில் தொடங்கிய நிலப்பிளவு, வடக்கே அந்தமான் வரையில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓடியது. இந்தியத் தட்டின்மேல் அழுந்திப் பிணைந்திருந்த தட்டின் விளிம்பு விடுபட்டு மேலெழுந்தது. விளிம்பு எழவே, அதற்குப் பின்னிருந்த நிலம் தாழ்ந்தது. ஆதலால் வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப் பாறைகள் நீருக்கு மேல் வந்து வெயிலில் மடிந்தன. தென் அந்தமானில் போர்ட் பிளேரைச் சூழ்ந்த நிலம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனையில் தாழ்வு 4 மீட்டரையும் கடந்தது.

பேரலை வந்தது, திரும்பிச் சென்றது. ஆனால் தாழ்ந்த நிலம் அலையோடு திரும்பிவிடவில்லை. போர்ட் பிளேர்ப் பகுதியில் பெருவேற்ற நாள்களில் கடல் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ 2 மீட்டர். அத்தகைய கரையில் 1 மீட்டர்த் தாழ்வு சிறிதென்று தள்ளத்தக்கதன்று. முன்பு பெருவேற்றத்தின்போதும் நனையாத முற்றம், நாளுக்கு இருமுறை நனையலாயிற்று. சிப்பிகாட்டில் நெல்வயல்கள் உப்பங்கழிகளாயின. பாம்பூஃப்ளாட்டின் கரையோரத்துத் தாழ்நிலங்களில் தெருவும் வாயிலும் ஏற்றநீருக்கு உட்பட்டன. ஒருமுறை அடித்துவிட்டு ஓடும் பகைவன் வேறு. நாள்தோறும் இருவேளை வாயிலில் வந்து நிற்கும் கடன்காரன் வேறு.

கடல் ஊரைக் கொண்டது என்னும் செய்தி தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினம் கடல்கொள்ளப்பட்டதற்கு இந்திரவிழாவை நடத்த மறந்தமையே காரணம் என்று மணிமேகலை கூறும். பேரழிவிற்கு ஓர் ஒழுக்கக் காரணம் தேடியது அக்கால உள்ளம். இன்று நாம் தட்டுகளின் நகர்வை அறிவோம். கடலுக்கு நம்மேல் சினம் இல்லை என்பதையும் அறிவோம். ஆகவே, இவ்விடத்தில் அறம் பற்றிய வினாவே எழாது என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அம்முடிவு பொருந்தாது. நீர் ஏறியதில் அறமும் இல்லை, மறமும் இல்லை. நீர் வடிந்தபின் அந்தச் சுவரை என் செய்வது என்பதில் இரண்டும் உண்டு. நீரால் கெட்ட வீட்டைச் செப்பனிடும் தொழிலில் கொத்தனாரின் திறமையோடு வாய்மையும், அண்டையர் நலமும், பின்வருவோர்க்குச் செலுத்த வேண்டிய கடனும் கலந்துள்ளன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், உப்புநீர் ஒரு வீட்டுக்கு என்ன செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அத்துளைகளின் வழியே நீர் மேலேறும். முழங்கால் அளவு நின்ற நீர் இடுப்பளவு ஓதமாவது இதனால்தான். ஏறிய நீர் காற்றில் உலர்ந்துபோகும். அதனுடன் ஏறிய உப்பு போகாது. அது பூச்சின் பின்னே படிகமாகத் திரண்டு, இடம் போதாமல் பூச்சை வெளியே தள்ளும். சுவரில் வெண்மையாகப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்வது அதுவே. மேலும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் இயல்பினது. ஆண்டிற்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவில், இரு பருவமழைகளையும் தாங்கி நிற்கும் உப்பேறிய சுவருக்கு உலர்வதற்கென்று கிடைக்கும் நாள்கள் குறைவு.

கான்கிரீட்டினுள் உள்ள கம்பியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உப்பு உட்புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருவானது, தான் பிறந்த இரும்பு இருந்த இடத்தைவிட இரு மடங்கிற்கும் மேலான இடத்தைக் கேட்கும். கேட்டது கிடைக்காதபோது தன்னைச் சூழ்ந்த கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியே நின்று பார்ப்பவர்க்குத் தூண் நிமிர்ந்தே தோன்றும். உள்ளே அதன் எலும்பு உளுத்துக்கொண்டிருக்கும். வெள்ளம் தந்த இன்னலின் பெரும்பகுதி, வெள்ளம் மறக்கப்பட்ட பின்னரே வெளிப்படுகிறது.

இதற்குரிய மருந்து அறியப்படாததன்று. உப்பேறிய பூச்சை, ஈரக்கோட்டிற்கு மேலும் சிறிது உயரம் வரையில், செங்கல் தெரியக் கொத்தியெடுத்தல் வேண்டும். நன்னீரால் பலமுறை கழுவுதல் வேண்டும். கதவும் சன்னலும் திறந்து காற்றோட்டம் தந்து, வாரக்கணக்கிலும் வேண்டுமாயின் மாதக்கணக்கிலும் உலரவிடுதல் வேண்டும். அதன்பின், ஈரம் வெளியேற வழிவிடும் சுண்ணாம்புச் சாந்து போன்றவற்றால் பூசுதல் வேண்டும். நீரில் நனைந்த மின்கம்பிகளைச் சோதித்து முடிக்கும் வரையில் வீட்டுக்குள் மின்சாரம் விடலாகாது. இவற்றுக்கெல்லாம் காலமும் பொருளும் பொறுமையும் தேவை. சிமெண்டும் இரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல்கடந்து வந்து சேரவேண்டிய தீவில் செலவு மேலும் கூடும். ஒரு வாளி வண்ணமோ அன்றைக்கே கடையில் கிடைக்கும். ஈரச் சுவரின்மேல் அதைப் பூசினால் ஒரு பருவம் வரையில் வீடு புதிதாகவே தோன்றும். அறச்சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

வண்ணம் பூசியவர் அவ்வீட்டிலேயே வாழ்ந்து முடிப்பாராயின், தம்மையே ஏமாற்றிக்கொண்டார் என்று விட்டுவிடலாம். ஆனால் வீடு கைமாறும் பொருள். இன்று வாடகைக்குப் போகும். நாளை விலைக்குப் போகும். கப்பலில் வந்திறங்கிய புதிய குடும்பத்தார் சுவரின் வெண்மையைக் காண்பர். அதன் வரலாற்றைக் காணார். பூசணம் படர்ந்த அறையில் உறங்கும் குழந்தை இருமத் தொடங்கும்போதுதான், வண்ணத்துக்குப் பின்னிருந்தது அவர்களுக்குத் தெரியவரும். வாய்திறந்து ஒரு பொய்யும் சொல்லாமலே, பெரும்பொய்யைச் சுவரெங்கும் எழுதிவைத்துவிட இயலும். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுத்தபோது, நிகழ்ந்தது கூறுதல் என்பதோடு நின்றுவிடவில்லை. பிறர்க்கு எத்தகைய தீங்கும் விளையாமையை அதன் உள்ளீடாக வைத்தார். அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால், ஓதத்தை மறைத்த சுண்ணாம்பு வாய்மைக்குப் புறம்பானதே.

உண்மையை மறைக்காமல் செப்பனிடுதல் இயலுமா என்று கேட்கலாம். இயலும் என்பதற்கு ஓர் அரிய சான்று உண்டு. 1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இத்தாலியில் ஆர்னோ ஆறு பெருகிப் புளோரன்ஸ் நகரை மூழ்கடித்தது. சாந்தா குரோச்சே தேவாலயத்திற்குரிய சிலுவை ஓவியம், 13-ஆம் நூற்றாண்டில் சிமாபுவே தீட்டியது, நீரில் மூழ்கித் தன் வண்ணத்தின் பெரும்பகுதியை இழந்தது. ஆண்டுகள் பல உழைத்து அதனைச் செப்பனிட்ட வல்லுநர்கள், இழந்த இடங்களில் அப்பழைய ஓவியரின் கையைப்போலப் போலி செய்து நிரப்ப முற்படவில்லை. பல நிற நுண்கோடுகளைப் பின்னி அவ்விடங்களை இணைத்தனர். தொலைவில் நிற்பவர்க்கு ஓவியம் ஒன்றாகத் தோன்றும். அருகில் வருபவர்க்கு இழப்பும் இணைப்பும் தெரியும். செப்பனிடுவோர் அழிவை வென்றதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அழிவுக்குத் தோற்றதாகவும் விட்டுவிடவில்லை. ஏழையின் கூடத்துச் சுவர் சிமாபுவேயின் ஓவியம் அன்று. எனினும் இரண்டிற்கும் உரிய நேர்மை ஒன்றே.

அடுத்து, அண்டையர் நலம். தாழ்ந்த மனையை உடையவர் முதலில் எண்ணுவது மண்ணிட்டு மேடாக்குவதையே. அதிற் குற்றம் காண்பதற்கில்லை. கடலேற்றத்தின் மட்டம் ஒருவர் இட்ட மண்ணால் உயர்ந்துவிடாது என்பதும் உண்மை. ஆயினும் மலைச்சரிவிலிருந்து இறங்கும் மழைநீர் கடலைச் சேர வழி வேண்டுமன்றோ? மேடாக்கப்பட்ட மனை அவ்வழியை அடைத்துவிட்டால், மேலிருந்து வந்த நன்னீரும் கீழிருந்து ஏறிய உவர்நீரும், நடுவிலிருக்கும் வசதியற்றவரின் கூடத்தில் சந்திக்கும். தம் வீட்டைக் காத்துக்கொண்டவர், தம்மை அறியாமலே அடுத்த வீட்டை மூழ்கடித்தவர் ஆகிறார்.

இது தீவுக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. சென்னையின் பழைய பகுதிகளில், சாலையின்மேல் சாலை போட்டு உயர்த்தியதனால், ஒருகாலத்தில் படியேறிப் புகுந்த வீடுகளுக்குள் இப்போது படியிறங்கிப் புக வேண்டியுள்ளது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாறு கரைபுரண்டபோது, இத்தகைய வீடுகள் பட்ட பாட்டை நாடே கண்டது. வசதி உடையோர் ஜாக்கிகளை வைத்து வீட்டையே பல அடி உயரத் தூக்கி நிறுத்துகின்றனர். வசதியற்றோர் பள்ளத்திலேயே இருக்கின்றனர். ஒரே தெருவில் நீர் தேடிச் செல்லும் வீடு எது என்பதைப் பணம் முடிவு செய்கிறது.

உயர்வதில் இருவகை உண்டு. நீரை மறித்து உயர்தல் ஒன்று. நீருக்கு வழிவிட்டு உயர்தல் மற்றொன்று. நிக்கோபார் மக்களின் பழைய வீடுகள், தேன்கூடு போன்ற கூரையுடன் கால்களின்மேல் நிற்பவை. 2004-இன் பேரலையை அவையும் தாங்கவில்லை. ஆயினும் அன்றாட மழைக்கும் ஈரத்துக்கும் அவை கண்ட வழி சிந்திக்கத்தக்கது. அவ்வீடு தானும் நனையாது. தன் அடியில் ஓடும் நீரை அடுத்தவர் பக்கம் திருப்பியும் விடாது. மனித வாழ்வின் பிற துறைகளிலும் உயர்வுக்கு இவ்விரு வழிகளே உள்ளன என்பதை எண்ணும்போது, இக்கட்டட முறை ஓர் ஒழுக்க முறையாகவும் தோன்றுகிறது.

"இத்தனை இடர்ப்பாடு எதற்கு? ஊரையே விட்டு மேட்டுநிலத்திற்குப் போய்விடலாகாதா?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயலும் எழுந்த கடலும் தனுஷ்கோடியை அழித்தபின், அவ்வூர் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. அங்கே செப்பனிடுதல் என்னும் பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று. அந்தமான் நிக்கோபாரிலும், கடல் நிலையாகக் கொண்டுவிட்ட நிலங்களிலிருந்து மக்களை அப்புறப்படுத்தி, முதலில் தகரக் கொட்டகைகளிலும் பின்னர் நிலையான வீடுகளிலும் குடியமர்த்தினர். நீருக்குள் போய்விட்ட நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது வீரமாகாது.

ஆனால் முழுதும் மூழ்காமலும் முழுதும் உலராமலும் நிற்கும் வீடுகளுக்கு விடை அத்துணை எளிதன்று. அத்தீவுகளின் வரலாறே பெயர்ந்து வந்தோரின் வரலாறு. 1858-இல் தண்டனைக் குடியிருப்பு தொடங்கியபோது கைதிகளாகக் கொண்டுவரப்பட்டோர், 1921-இன் மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்டோர், நாடு பிரிந்தபின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தோர், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்டோர், பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து கப்பலேறியோர் எனப் பலரும் ஒருமுறையேனும் வேர் பெயர்க்கப்பட்டவர்கள். அவர்களின் வழிவந்தோரை நோக்கி "மீண்டும் பெயர்க" என்று சொல்வது, மேட்டில் வீடுடையார்க்கு எளிது. பிள்ளையின் பள்ளி, நகரத்துக்குப் போகும் படகு, அவசரத்துக்கு ஓடிவரும் அண்டை வீடு ஆகியவையும் ஒரு வீட்டின் பகுதிகளே. ஓதத்தை அறிந்தே தங்குவோரின் முடிவை மதித்தல் வேண்டும். அவ்வுரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. தாம் அறிந்து தங்குவது உரிமை. அறியாத ஒருவரை அங்கே தங்கவைப்பது அவ்வுரிமையுள் அடங்காது.

இங்கு ஒரு வன்மையான மறுப்பு எழும். அதைத் தட்டிக்கழித்தல் தகாது. ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அந்த வருவாயைக் கொண்டே வாழும் ஒரு கைம்பெண்ணை எண்ணிப் பார்ப்போம். "இச்சுவரில் ஓதம் ஏறும், மழைக்காலத்தில் பூசணம் படரும்" என்று அவர் உண்மையைச் சொன்னால் குடிவருவோர் எத்தனை பேர்? முறைப்படி செப்பனிடப் பொருளும் இல்லை. சொல்லாமல் விட மனமும் இல்லை. நிலம் தாழ்ந்ததற்கு அவர் காரணர் அல்லர். ஆனால் வாய்மைக்குரிய விலை முழுவதையும் அவரே செலுத்தவேண்டும் என்று நாம் சொல்கிறோம். இப்படி எளியவரிடம் மட்டும் வரி தண்டும் அறம், அறமாகுமா?

இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் அது மறைத்தலை நியாயமாக்கிவிடாது. வாய்மையின் சுமை பலர் தோளிலும் ஏறவேண்டியது என்பதையே காட்டுகிறது. உண்மையைச் சொன்ன வீட்டுக்காரரை விட்டு ஓடாமல், நிலைக்கேற்ற வாடகையைப் பேசிக் குடிவருபவர் அதில் ஒரு பங்கைச் சுமக்கிறார். தம் மனையை உயர்த்தும்போது நீர்வழிக்கு இடம்விடும் அண்டையர் ஒரு பங்கைச் சுமக்கிறார். "வண்ணம் மட்டும் அடித்துக் கொடு" என்று கேட்பவரிடம், "அது நிற்காது, ஐயா" என்று சொல்லும் கொத்தனார், கூலியை இழக்கும் துணிவோடு ஒரு பங்கைச் சுமக்கிறார். ஊர்ச் சங்கங்கள் ஆளும் கருவியும் தந்து உதவினால், அது ஒரு பங்கு. அரசுக்குரிய பங்கு பெரிது. பேரிடர்க் கணக்குகள் பெரும்பாலும் இடிந்ததை எண்ணும், உளுப்பதை எண்ணா. ஒரே நாளில் வீழ்ந்த சுவர் ஏட்டில் ஏறும். பத்தாண்டுகளில் வீழப்போகும் சுவர் ஏட்டுக்கு வெளியே நிற்கும். மெல்ல வரும் கேட்டையும் கேடென்று கணக்கிடும் நாளில்தான், அக்கைம்பெண் அஞ்சாமல் உண்மை பேசுதல் கூடும். ஒருவரின் வாய்மை, அவரைச் சூழ்ந்தோரின் ஒப்புரவைச் சார்ந்தே நிற்கிறது.

செப்பனிடுதலை இழிவாக எண்ணும் மனநிலையும் நம்மிடமிருந்து நீங்குதல் வேண்டும். நம் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துதல் மரபு. திருப்பணி நடக்குங்கால் பாலாலயம் அமைத்து, இறைவனையே ஒரு சிற்றிடத்திற்கு எழுந்தருளச் செய்கின்றனர். கல்லால் ஆன கோயிலும் தேயும், சாந்து விலகும், மருந்து சாற்றிய இடம் தளரும் என்பதை ஊரறிய ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. கோயிலில் விழுந்த விரிசலைச் சொல்ல எவரும் நாணுவதில்லை. சொன்னால்தான் திருப்பணி நடக்கும். வீட்டில் விழுந்த விரிசலை மட்டும் குடும்பத்தின் குறையென மறைக்கிறோம். ஓதம் ஏறும் நிலத்தில் வீட்டின் திருப்பணி ஒருநாளில் முடிவதன்று. கடல் உள்ளவரை தொடர்வது. அதனை இழுக்கென்று கருதாமல் ஒழுக்கமென்று கொள்வோமாயின், மறைத்தலின் தேவை பெரிதும் குறையும்.

இறுதியாக, பின்வருவோர்க்குரிய கடன். ஜப்பான் நாட்டில் அனேயோஷி என்னும் கடலோரச் சிற்றூரில் ஒரு கல் நிற்கிறது. 1933-இன் ஆழிப்பேரலைக்குப் பின் நாட்டப்பெற்ற அக்கல், தனக்குக் கீழே வீடு கட்டலாகாது என்று எச்சரிக்கிறது. அவ்வூரார் அதைக் காத்தனர். 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் எழுந்த பேரலை, அக்கல்லை எட்டுமுன்னரே நின்றது. புளோரன்ஸ் நகரத்துச் சுவர்களிலும் வெள்ளம் தொட்ட உயரத்தைக் காட்டும் கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவ்வூரார் தம் நகரின் அழகுக்கு அதனால் குறைவு வந்ததாக எண்ணவில்லை.

பாம்பூஃப்ளாட்டிலும், அதுபோன்று நீரேறிய நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும், வீட்டைச் செப்பனிடுவோர் இதனைச் செய்தல் கூடும். பூச்சைக் கொத்தியெடுத்து, கழுவி, உலர்த்தி, புதுப்பூச்சுப் பூசி முடித்தபின், நீர் நின்ற உயரத்தில் ஒரு கோட்டையும் அதன் அருகே ஆண்டையும் பொறித்து வைக்கலாம். வண்ணம் அடிக்கும்போதெல்லாம் அக்கோட்டை விட்டுவிட்டு அடிக்கலாம். அடுத்துக் குடிவருவோர் அதைப் பார்ப்பர், இன்னதென்று கேட்பர், வீட்டார் சொல்வர். அவ்வுரையாடல் நடந்த வீட்டில், வாடகை சிறிது குறையலாம். அரிசிப் பானையை எந்தப் பலகையில் வைப்பது, பிள்ளையை எந்த அறையில் உறங்கவைப்பது, பத்திரங்களை எவ்வளவு உயரத்தில் காப்பது என்பதை, புதிதாக வந்தவர் முதல்நாளே அறிந்துகொள்வார்.